தபசு மரத்தின் மேல் ஒரு நாத்திகர்

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே மேலச்சேரி இருக்கிறது. பழைய செஞ்சி என்று அதைச் சொல்வார்கள். செஞ்சியை ஆண்ட அரசனுக்காக அசுரனை அழிக்கத் திரௌபதி தீயிலிருந்து மறுபடி எழுந்து வந்த இடம் அது என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபெய்டல், 1988-ல் வந்த தம் நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியையும் குருக்ஷேத்திரத்தையும் சேர்த்தே துணைத் தலைப்பு வைத்தார். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும் என்று நடக்கும் அக்னி வசந்த விழாவுக்கு இதுதான் தாய்மண்.

இந்தக் கூத்தைப் பற்றி ஒரு மலருக்கு எதை எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சென்னையில் படிக்கும் என் அண்ணன் மகன் ஒரு சந்தேகம் கேட்டான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974-ல் அமெரிக்காவில் வந்த ஒரு மேசை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாயாலேயே நடித்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். அதில் கிளெரிக் என்றொரு வகை உண்டு. தெய்வத்திடம் சக்தி வாங்கி மந்திரம் போடுகிற பூசாரி. இவன் எடுத்துக்கொண்ட பூசாரிக்குத் தெய்வ நம்பிக்கையே கிடையாதாம், மந்திரம் மட்டும் பலிக்குமாம். "இப்படி ஒருத்தனை எப்படி சித்தப்பா ஆடுறது?" என்றான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர், எங்கள் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் அர்ஜுனன் வேஷம் கட்டும் ஒருவர். கூத்து இல்லாத நாளில் கறுப்புச் சட்டை போடுகிறவர். கோயிலுக்குள் போனாலும் கைகூப்ப மாட்டார். ஆனால் அர்ஜுனன் தபசுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

தபசைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ஜுனன் கயிலைக்குப் போகும் கதை. ஊருக்கு வெளியே திடலில் பனைமரத் தண்டை நட்டு, ஏறுவதற்குக் கட்டைகள் அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ஜுனன் படிக்குப் படி பாடிக்கொண்டு ஏறுவார். கீழே பிள்ளையில்லாத பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருப்பார்கள். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், வில்வம், விபூதி எல்லாம் கீழே வரும். அதை முந்தானையில் ஏந்தியவளுக்குப் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அந்த நேரத்தில் மேலே இருப்பவரைக் கூத்தாடி என்று யாரும் நினைப்பதில்லை. வரம் அவர் கை வழியாகத்தான் வருகிறது.

ஒரு வருஷம் அவர் தபசு ஏறியபோது நான் மரத்தடியில் நின்றிருந்தேன். அவர் பழத்தை வீசி எறியவில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, கீழே ஒருத்தியைப் பார்த்து, அவள் முந்தானை விரியும்வரை பொறுத்து விட்டார். கூட்டத்தின் ஓரத்தில் கூச்சத்தோடு நின்ற ஒரு பெண்ணுக்காக உடம்பை முழுக்க அந்தப் பக்கம் திருப்பினார். அவ்வளவு உயரத்தில் அப்படித் திரும்புவது லேசான காரியமில்லை.

வேஷக்காரருக்கு நம்பிக்கை வேண்டுமா என்பதில் கூத்துக்காரர்களிடம் ஒரே பதில் கிடையாது. வடக்கத்தி, தெற்கத்தி என்று பாணி பிரிப்பது மெட்டுக்கும் அடவுக்கும் வேஷக் கட்டுக்கும். நான் சொல்லும் பிரிவு அதற்குக் குறுக்கே ஓடுவது.

முதலாவது ஆவேச வழி. துகில் உரியும் இடத்தில் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிட்ட பிறகே துச்சாதனன் சேலையில் கை வைப்பான். சில இரவுகளில் அவனுக்கே அருள் வந்து நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு வேஷம் நின்றது என்று ஊர் பேசும்.

இரண்டாவது வாத்தியார் வழி. என் மனம் சாய்வது இதன் பக்கம். ஆவேசம் வந்தால் தாளம் போகும், தாளம் போனால் முகவீணைக்காரர் தடுமாறுவார், பின்பாட்டு நிற்கும் என்று கண்டிப்பான வாத்தியார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுக்கி அடித்துச் சுற்றுகிறவனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தே இருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு எடுத்த குரல் விடியற்காலையிலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். புரிசை கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையின் பேரும் பயிற்சியால் வந்ததுதான். மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக்கூட அவர்களால் கூத்தாக்க முடிந்தது. 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி இந்தப் பக்கத்துக் கூத்திலிருந்து எடுத்துக்கொண்டதும் உடம்பையும் குரலையும் ஆளும் இந்தப் பாடத்தைத்தான். பெ. ராஜகோபால் முதலானோர் 1990-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது.

மூன்றாவது, கூத்துக்கு வெளியே, நாடக நடிகர் எம்.ஆர். ராதாவின் வழி. 1954-ல் அவர் ராமன் வேஷம் போட்டது அந்த வேஷத்தை உடைப்பதற்காக. அரசாங்கம் நாடகச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அது போயிற்று. அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அது மன்றத்து மேடைக்கு உரியது. சபாவுக்குச் சீட்டு வாங்கி வந்தவன் வாதத்துக்குத் தயாராக வருகிறான். ஈரப் புடவையோடு மரத்தடியில் நிற்கிறவள் அப்படி வரவில்லை.

கூத்துக்குள்ளேயே கேலிக்கு இடமில்லாமலும் இல்லை. தேவர்களையும் ராஜாக்களையும் கட்டியங்காரன் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிறான், ஊர் சிரிக்கிறது. வேறு நம்பிக்கைக்கும் இங்கே இடம் உண்டு. திரௌபதி அம்மன் கோயிலில் காவலுக்கு நிற்கும் முத்தால் ராவுத்தன் ஒரு முஸ்லிம். செஞ்சிக்குப் பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை அவர்கள் ஏற்பதில்லை. இத்தனை பேரும் ஒரே மண்ணில்தான் இருக்கிறார்கள்.

அண்ணன் மகனின் கேள்வி ரொம்பப் பழைய கேள்வி. வேள்வியை முறையாகச் செய்தால் பலன் அதிலிருந்தே வரும், தேவதையின் தயவு தேவையில்லை என்று மீமாம்சகர்கள் வாதிட்டார்கள். குருவின் குணம் எப்படி இருந்தாலும் திருமுழுக்கு செல்லும் என்று நாலாம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் அகஸ்டின் எழுதினார். ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் ஊரில் 1634 முதல் நடந்துவரும் இயேசுவின் பாடுகள் நாடகத்தில், 2022-ல் யூதாசாக நடித்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். ஆனால் அந்த வாதங்கள் சடங்கு செல்லுமா என்பதோடு நின்றுவிடுகின்றன. செய்கிறவன் மனசில் என்ன நடக்கிறது என்பதைக் கூத்தாடியிடம்தான் கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். தபசு முடிந்த அன்று, அந்த அர்ஜுனன் வேஷக்காரர் கைக்கண்ணாடியைப் பார்த்துத் தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

"சாமி இருக்குதா இல்லையான்னு மேல ஏறிட்டு நான் யோசிக்கிறதில்லீங்க. கீழ நிக்கிற பொம்பள இருக்குது, அது கண்ணுக்குத் தெரியுது. அர்ஜுனன் எப்படிக் கொடுப்பானோ அப்படிக் கொடுக்கணும். பாதி மனசா கொடுத்தா அது ஏமாத்துறது."

"விரதம்?"

"இருக்கிறேனே. காப்புக் கட்டின நாள்லேர்ந்து கவுச்சி கிடையாது. கூப்பிட்ட பார்ட்டிக்குக் கொடுத்த வாக்கு அது."

அண்ணன் மகனிடம் இதை அப்படியே சொன்னேன். அவனுடைய பூசாரி என்ன விரதம் இருக்கிறான், யாருக்கு மந்திரம் போடுகிறான், அவர்கள் முகத்தைப் பார்த்துப் போடுகிறானா என்று முதலில் எழுதிக்கொண்டு ஆடச் சொன்னேன்.

தபசு முடிந்த அன்று நான் கிளம்பும்போது, ஒரு பெண் ஈரப் புடவையோடு வந்து அவர் காலில் விழுந்தாள். பாதி முகம் இன்னும் அர்ஜுனனாகவே இருந்தது. அவர் சட்டென்று எழுந்து, அவள் எழும்வரை நின்றார். அவள் போனதும் ஆர்மோனியக்காரரைக் கூப்பிட்டார். ஏழாம் படியில் விருத்தத்தில் ஓர் அடி விட்டுப்போயிற்று, அடுத்த தபசுக்கு முன்னால் உட்கார்ந்து ஒருதரம் பாடிவிட வேண்டும் என்றார்.