எழுபது வளைவும் எட்டு கோரும்

கொல்லிமலைக்கு பைக்கில் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். காரவள்ளி அடிவாரம் வரைக்கும்தான் இன்ஜினின் சி.சி. பேசும். அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே அந்தப் பேச்சு எடுபடாது. 2024 கடைசியில் நடந்த பிராசசர் மோதலும் கிட்டத்தட்ட இந்தப் பாதையில் நடந்ததுதான்.

ஒரு பக்கம் இன்டெலின் கோர் அல்ட்ரா 9 285கே. அக்டோபர் 24இல் களமிறங்கியது. 24 கோர், உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ், அறிமுக விலை 589 டாலர். எதிரே ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி, நவம்பர் 7இல் வந்தது. 8 கோர், 5.2 கிகாஹெர்ட்ஸ், 479 டாலர். பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பிப் பந்தயம் கட்டியவருக்குப் பணம் போயிருக்கும். கேமிங்கில் ஜெயித்தது எட்டு கோர்தான், அதுவும் தெளிவான இடைவெளியில். 285கே தன் சொந்த அண்ணன் 14900கே-விடமே பல கேம்களில் பின்தங்கியது.

காரணத்தை, மலை மேலிருக்கும் செம்மேட்டு டீக்கடையில் வைத்துச் சொல்கிறேன். சர்க்கரை தீர்ந்தால் பக்கத்து மளிகையில் வாங்கிவிடலாம், அடுப்பை அணைக்க வேண்டியதில்லை. அங்கேயும் இல்லையென்றால் 70 வளைவு இறங்கி, திரும்ப 70 வளைவு ஏற வேண்டும். கடையில் 24 மாஸ்டர் நின்றாலும் சர்க்கரை வரும்வரை கை கட்டி நிற்க வேண்டியதுதான். கேச் என்பது அந்த மளிகை. ரேம் என்பது அடிவாரம். மூன்றாம் நிலை கேச்சிலிருந்து தரவை எடுக்கச் சுமார் பத்து நானோ விநாடி போதும். ரேம் வரை போனால் அதைப்போல் பல மடங்கு.

285கே-வின் மளிகையில் 36 எம்பி சரக்கு. 9800எக்ஸ்3டி-யில் 96. ஏஎம்டியின் முந்தைய இரண்டு தலைமுறைகளில் இந்தக் கூடுதல் கேச்சைக் கோர்களின் தலைக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். வெப்பம் வெளியேற வழியின்றி வேகத்தை அடக்கி வைக்க வேண்டியிருந்தது. இம்முறை அதையே கோர்களுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். என்னைக் கேட்டால் ஆட்ட நாயகன் விருது அந்த ஒரு முடிவுக்குத்தான். இன்டெலோ நேர்மாறாக, ரேமைக் கவனிக்கும் பகுதியைக் கோர்கள் இல்லாத வேறொரு சில்லுக்கு மாற்றியிருந்தது. இருந்த மலைப்பாதையில் இன்னும் சில வளைவுகளைத் தானே வெட்டிக்கொண்ட கதை. அறிமுகம் நினைத்தபடி அமையவில்லை என்று இன்டெலே ஒப்புக்கொண்டு, டிசம்பரில் திருத்தங்களைக் கொடுத்தது. ஆனாலும் ஸ்கோர் பலகை புரளவில்லை.

அப்படியானால் 24 கோர் வீணா? இல்லை. வீடியோ ரெண்டரிங், பெரிய மென்பொருள்களைக் கம்பைல் செய்வது போன்றவை மிளகு பறிக்கிற வேலை. ஆளுக்கொரு கொடியைப் பிரித்துக் கொடுத்தால் தோட்டம் சீக்கிரம் முடியும். அங்கே 285கே எட்டு கோரை எளிதாக முந்துகிறது. கேம் அப்படியில்லை. எதிரி எங்கே, குண்டு எதில் பட்டது, சுவர் உடைந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்க வேண்டிய கணக்குகள் பெரும்பாலும் ஒரே முதன்மைத் திரெட்டின் மேல் விழுகின்றன. விநாடிக்கு 240 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நாலு மில்லி விநாடிதான் அவகாசம். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாகத் துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்கிறதல்லவா? பக்கத்தில் இன்னும் இருபது வில்லாளிகள் நின்றிருந்தாலும் அந்த ஓர் அம்பு கூடுதல் வேகத்தில் போயிருக்காது.

ஒரு எச்சரிக்கை. இந்த இடைவெளியெல்லாம் 1080பி திரையில், உயர்ரகக் கிராஃபிக்ஸ் கார்டோடு அளந்தால் தெரிவது. 4கே-க்குப் போனால் கார்டே மூச்சு வாங்கும். இரண்டு பிராசசருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் நடுத்தர கார்டும் வைத்திருப்பவர் இந்த இருவரில் யாரையும் ஏலம் எடுக்க வேண்டாம். ஆறு கோர் ரைசன் 5 ஒன்றை வாங்கிவிட்டு, மிச்சத்தைக் கார்டில் போடட்டும்.