கூடத்தில் சூடு, வீட்டில் குளிர்

2022 குளிர்காலத்தில் பிரிட்டனின் நூலகங்களும் தேவாலயங்களும் மசூதிகளும் தம் கூடங்களைத் திறந்துவிட்டு, வீட்டில் ஹீட்டர் போட வழியில்லாதவர்களை வந்து உட்காரச் சொன்னன. தேநீர் உண்டு, சூப் உண்டு. 'வார்ம் பேங்க்' என்று அதற்குப் பெயர். ஒரு பணக்கார நாட்டுக்கு இந்த நிலையா என்று பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். கட்டணத்தில் திணறிய வீட்டுக்கு இதனால் என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு.

கட்டண நெருக்கடியின் அளவு பெரிது. ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்ஜெமின் விலை உச்சவரம்புப்படி, சராசரி வீடு ஒன்று மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் ஆண்டுக்குக் கட்ட வேண்டியது 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. 2022 ஏப்ரலில் அது 1,971 ஆனது. அக்டோபருக்கு 3,549 என்று அறிவித்தபின் அரசு தலையிட்டு 2,500-இல் நிறுத்தியது. உயர்வில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்தும் ஓராண்டில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பு.

இதற்கு எதிரே கூடத்தை வைத்துப் பாருங்கள். நூலகம் மாலையில் மூடிவிடும். குளிர் உடம்பை வாட்டுவது இரவில். கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் அவர்கள் வீட்டுச் சுவரின் ஈரமும் பூஞ்சையும் போகாது. கைக்குழந்தை உள்ள தாய் வருவது கடினம், படுக்கையில் கிடப்பவர் வரவே முடியாது. தனியாக வாழும் முதியவருக்குப் பேச்சுத்துணை கிடைத்தது என்பார்கள். கிடைத்தது, நல்லதுதான். அதைத் தனிமைக்கான மருந்தென்று எழுதிக்கொள்ளலாம். கட்டண உதவி என்ற கணக்கில் வரவு வைக்க முடியாது.

அடுத்தது வவுச்சர். பணம் போட்டால்தான் எரியும் ப்ரீபெய்டு மீட்டர் உள்ள வீடுகளுக்கு ஃபியூயல் பேங்க் ஃபவுண்டேஷன் போன்ற அறக்கட்டளைகள் டாப்-அப் தருகின்றன. வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் மீட்டர் அணைந்து கிடந்த நாட்களின் நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்; பழைய பாக்கியும் அதே மீட்டரில் ஏற்றப்பட்டிருக்கலாம். நன்கொடையாளர் போட்ட பணத்தில் ஒரு பங்கு நிறுவனத்தின் பாக்கிக்குப் போய்விட்டு, மிச்சம்தான் அடுப்பை எரிக்கிறது. அதற்காக வவுச்சரைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. வேகவைக்கச் செலவாகும் என்று சிலர் உணவு வங்கியில் உருளைக்கிழங்கை வேண்டாமென்கிறார்கள் என 2022-இல் சொன்னவர் ஐஸ்லாந்து என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் அப்போதைய நிர்வாக இயக்குநர் ரிச்சர்ட் வாக்கர். அந்த நிலையில் இருப்பவரிடம் பொருளாதாரம் பேசுவது அநாகரிகம்.

மூன்றாவது உதவிக்குப் புகைப்படம் எடுக்க யாரும் வருவதில்லை. தென்கிழக்கு லண்டன் கம்யூனிட்டி எனர்ஜி அமைப்பின் 'எனர்ஜி கஃபே'யில் உங்கள் பில்லை உங்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். தவணையைக் குறைக்க நிறுவனத்திடம் பேசுவது, உரிய சலுகைக்கு விண்ணப்பிக்க வைப்பது, சன்னல் இடுக்கை அடைக்கக் கற்றுத்தருவது எல்லாம் இந்த வகை வேலை. இதன் மதிப்பைக் காட்ட ஓர் உண்மை போதும். அந்தக் குளிர்காலத்தில் அரசு வீட்டுக்கு 400 பவுண்டு கொடுத்தது. பழைய வகை ப்ரீபெய்டு மீட்டர்காரர்களுக்கு மட்டும் அது வவுச்சராக வந்தது. லட்சக்கணக்கான வவுச்சர்கள் பயன்படுத்தப்படாமலே காலாவதியாயின. மிகவும் தேவைப்பட்டவர்களின் பணம் வாசல்வரை வந்து வீணானது. எந்த வாசல் என்று அண்டை அயலாருக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. 2023 பிப்ரவரியில், பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காகக் கடன் வசூலித்தவர்கள் நலிந்தோர் வீடுகளுக்குள் புகுந்து ப்ரீபெய்டு மீட்டர் மாட்டியதை டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அத்தகைய கதவின் உள்ளே, சட்டம் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது எத்தனை கிண்ணம் சூப்புக்கும் மேல்.

இதற்கும் எல்லை உண்டு. பிரிட்டனின் வீடுகள் ஐரோப்பாவிலேயே பழமையானவற்றுள் அடங்கும். பரணுக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு போடும் பணிகள் 2013-ஐ ஒட்டி அரசு ஆதரவு குறைந்ததும் சரிந்தன. வாடகைக்காரர் வீட்டுச் சுவரைத் தன்னார்வலர் தொடக்கூட முடியாது. அந்தப் பொறுப்பு அரசுடையது, வீட்டுக்காரருடையது. கூடங்கள் திறந்திருப்பதைக் காட்டி இருவரும் தப்பித்துக்கொள்ள விடக் கூடாது.

ஆகவே, கையில் குறைந்த நிதி மட்டுமே உள்ள ஒரு தேவாலயக் குழுவோ மசூதிக் குழுவோ கேட்டால் என் தீர்ப்பு இதுதான்: முதல் செலவு பில் படிக்கத் தெரிந்த ஓர் ஆளுக்கு, அடுத்தது வவுச்சருக்கு. மிஞ்சினால் கூடத்தைத் திறக்கலாம்.