அசலைப் போல வாசித்தல்: தோட்டத்து இசைக்குழுக்களுக்கு ஓர் அளவுகோல்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் திருவிழா என்றால் சாமி ஊர்வலம் முடிந்த கையோடு இசைக்குழு மேடையேறுவது வழக்கமாகிவிட்டது. ஓர் ஓர்கன், லீட் கிட்டார், பேஸ் கிட்டார், தாளத்துக்கு ஒக்டபேட், பாடகர் இரண்டு மூன்று பேர். வாசிப்பதில் பெரும்பங்கு இளையராஜாவின் எழுபதுகள், எண்பதுகளின் பாடல்கள். இக்குழுக்களை நாம் எடைபோடும் விதம்தான் எனக்குக் குறையாகப் படுகிறது. பாடகரின் குரல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தையோ எஸ். ஜானகியையோ நினைவூட்டினால் குழு நல்ல குழு என்று சொல்லிவிடுகிறோம். குரல் ஒற்றுமை பிறவியில் வருவது. அதில் குழுவின் உழைப்பு எதுவும் இல்லை. கேட்பவர் வாய் முணுமுணுக்காத பகுதிகள், அதாவது பேஸ் கிட்டாரின் ஓட்டமும் இடையிசையில் வயலின்களின் இரண்டாம், மூன்றாம் வரிசைகளும், எப்படி வாசிக்கப்படுகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு நெடுநாள் மல்லுக்கட்டியவர்கள் மேலைநாட்டில் பழைய புரோகிரசிவ் ரொக் பாடல்களை மறுவாசிப்புச் செய்யும் குழுக்கள். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனசிஸ், பிங்க் புளோய்ட் போன்றோர் 1969 முதல் சில ஆண்டுகளில் செய்த பாடல்கள் பல, பதினெட்டு, இருபது நிமிடம் நீள்பவை. தாளம் இடையிடையே மாறுபவை. இன்று அவற்றை மேடையில் உயிரோடு வைத்திருப்பதில் இத்தகைய மறுவாசிப்புக் குழுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களிடையே இரு போக்குகள் தெரிகின்றன. 1993-இல் கனடாவின் மொன்றியலில் தொடங்கிய ‘தி மியூசிக்கல் பொக்ஸ்’ ஜெனசிஸின் எழுபதுகளின் மேடையை உடை, ஒளி, பின்திரைப் படங்கள் வரை அப்படியே எழுப்பிக் காட்டுகிறது. 2024-இல் மேடையேறிய ‘பீட்’ குழுவோ வேறு வழி. எண்பதுகளில் கிங் கிரிம்சனில் இருந்த ஏட்ரியன் பெலூ, டோனி லெவின் இருவரும் ஸ்டீவ் வாய், டேனி கேரி என்ற இரு புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் காலப் பாடல்களைத் தம் கைவண்ணத்தில் வாசிக்கிறார்கள். தோற்றத்தில் இரண்டும் இரு துருவம். ஆனால் இசையமைத்து வைத்த பகுதியில் கைவைக்கக் கூடாது என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. பிங்க் புளோய்டின் ‘மனி’ (1973) ஏழு எண்ணிக்கையில் நடந்து, கிட்டார் தனி வாசிப்பு வரும்போது நான்குக்கு மாறுகிறது. முழுவதையும் நான்கில் வாசித்தால் ஆடுவதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் அது அந்தப் பாட்டு அல்ல.

இன்னொன்றையும் கிட்டப்போய்ப் பார்க்கலாம். அக்காலத்து மெலட்ரோன் என்ற கட்டைக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா இருந்தது. கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டு வினாடிதான் ஒலிக்கும். விரலை எடுத்தால்தான் நாடா முதலுக்குத் திரும்பும். இன்றைய ஓர்கனில் அதே ஒலியை எவ்வளவு நேரமும் நீட்டலாம். விவரம் தெரிந்த கலைஞர் அப்படி நீட்டுவதில்லை, பழைய இடத்திலேயே விரலை எடுப்பார்; அந்த இசை வாக்கியங்கள் அந்த எல்லைக்குள் பிறந்தவை. கருவி மாறிவிட்டது, வாக்கியம் மாறவில்லை. நான் அசல் என்று சொல்வது இதைத்தான்.

நம் மேடைகளுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். ரொக் குழுக்களில் தனி வாசிப்புக்குக் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். இளையராஜாவோ ஒவ்வொரு கருவிக்கும் உரியதை இசைக்குறிப்பாக எழுதிக் கொடுப்பவர். அண்ணன் பாவலர் வரதராசனின் மேடைக் குழுவில் வளர்ந்து 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்தவருக்கு மேடையின் நெளிவுசுளிவு தெரியாததல்ல, தெரிந்தேதான் எழுதினார். ‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரை நம் இளைஞர்கள் விரல் தேயப் பழகியிருக்கிறார்கள், பாராட்ட வேண்டியது. அதே பாட்டின் பேஸ் மட்டும் பெரும்பாலும் கோர்டுக்கு ஒரு சுரமாகத் தேய்ந்துவிடுகிறது. இதற்குச் சோம்பல் காரணமில்லை என்றே நினைக்கிறேன். தோட்டங்களுக்கு இந்தப் பாடல்கள் வந்த வழி இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையும் பிறகு கசெட்டும். லயத்துக் காம்பராவின் சிறிய வானொலிப் பெட்டியில் கீழ்ச்சுரங்கள் எழும்புவதில்லை. காதில் விழாததைக் கை எப்படிப் பழகும்? இன்று நல்ல ஹெட்போன் ஒன்றைக் காதில் மாட்டினால் பேஸின் ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கிறது. அந்தக் காரணம் இப்போது செல்லாது.

இருபது வயலினுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது இருபது வயலினின் ஒலியை அல்ல, அவை பாடும் இரண்டு மூன்று வரிசைகளை. அவற்றை ஓர்கனின் இரு கைக்கும் லீட் கிட்டாருக்கும் பங்கிட்டுக் கொடுக்க முடியும், தேவைப்படுவது ஒத்திகை. ஜனங்கள் ஆடத்தானே வருகிறார்கள், இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள் என்பது அடுத்த தடை. இது நம் மக்களின் காதைக் குறைத்து மதிப்பிடுவது. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, கலியாணத்துக்கும் சாமிக்கும் வேறு வேறு அடி என்று தப்பைக் கேட்டே நடப்பதை அறிந்து பழகிய சமூகம் இது. காமன் கூத்தில் அடி பிசகினால் வாத்தியார் விடமாட்டார். சுற்றி நிற்பவர்களும் விடமாட்டார்கள். அந்தக் கண்டிப்பை மேடை இசைக்கும் கேட்பதில் அந்நியமாக ஒன்றுமில்லை. இரவல் பாட்டுக்கு இத்தனை பாடு எதற்கு, கூத்தையும் தப்பையும் வளர்க்கலாமே என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. அவற்றை வளர்க்கத்தான் வேண்டும். ஆனால் மூன்று தலைமுறை பாடிப் பழகிய பாட்டை இரவல் என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

விழாக் குழுவினர் இசைக்குழுவை அமர்த்தும்போது பாடகரை மட்டும் பாடச் சொல்லிக் கேட்டு முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பாடகரை உட்காரவைத்துவிட்டு, ஒரு பாட்டை முதல் இடையிசை வரை கருவிகளால் மட்டும் வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். அது நின்றால், அந்தக் குழுவுக்கு எந்தப் பாடகரும் பாடலாம்.