ஆளில்லாத ஆற்றுப் படம்

நிழற்படத்தைத் திறனாய்வுக்குரிய பொருளாக நம்மவர் பெரும்பாலும் கருதுவதில்லை. கருவி செய்யும் தொழிலில் கலைஞனுக்குப் பங்கு யாது என வினவுவோரும் உளர். அவர்கட்கு ஒரு படத்தைக் காட்டலாம். டாஸ்மேனியத் தீவின் பிராங்கிளின் ஆற்றில், ராக் ஐலண்டு வளைவின் காலை மூடுபனியைப் பீட்டர் டோம்புரோவ்ஸ்கிஸ் எடுத்த படமே அது.

1945-இல் ஜெர்மனியில் லாத்வியப் பெற்றோர்க்குப் பிறந்த அவர், 1950-இல் தாயுடன் டாஸ்மேனியாவிற் குடியேறினார். அவர்க்கு ஆசானாய் வாய்த்தவர் லிதுவேனியரான ஒலேகாஸ் துருக்கானாஸ். அணை கட்டிய நீர்மின் ஆணையத்திலேயே பணிபுரிந்துகொண்டு, அவ்வாணையம் மூழ்கடிக்கவிருந்த பெடர் ஏரியைப் படமெடுத்து ஊரார்க்குக் காட்டியவர் அவர். 1967-ஆம் ஆண்டுக் காட்டுத்தீயில் வீடும் படத்தொகுப்பும் சாம்பலாயின. மீண்டும் காடேகிப் படமெடுத்தார். 1972-இல் கோர்டன் ஆற்றில் மூழ்கி மாண்டார். உடலைக் கண்டெடுத்தவர் டோம்புரோவ்ஸ்கிஸ். அவ்வாண்டே ஏரியும் நீரில் மறைந்தது. மாணாக்கர் ஆற்றை நோக்கிய நோக்கில் இவ்விரண்டு இழப்புகளும் கலந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

படத்தைக் காண்போம். நடு ஆற்றில் ஒரு பாறை. இருமருங்கும் கரும்பச்சைக் காடு. நீர் ஓடுவதாகத் தெரியவில்லை. வெண்பட்டை விரித்தாற்போற் கிடக்கிறது. நெடுநேரம் ஒளி புகவிட்டு எடுத்தமையால் வந்த தோற்றம் இது. வளைவுக்கு அப்பால் உள்ளவற்றை மூடுபனி மறைத்துவிடுகிறது. கனத்த பெரும்படக் கருவியைச் சுமந்து அவ்விடம் சென்று, ஒளிக்காகக் காத்திருந்த பொறுமையைக் கருவியின் செயல் என்பார் எவர்?

1983 மார்ச்சுத் தேர்தலுக்குச் சற்று முன், இதனை அழிக்கும் கட்சிக்கு வாக்களிப்பீரோ என்னும் பொருள்பட, நாளிதழ்களில் இப்படம் வண்ண விளம்பரமாக வெளிவந்தது. அணைத்திட்டத்தை எதிர்த்த கட்சி வென்றது. 1983 ஜூலை முதல் நாள், உயர்நீதிமன்றம் நால்வர்க்கு மூவர் என்ற கணக்கில் அணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. படம் ஒன்றே ஆற்றைக் காத்தது என்பது மிகைக்கூற்று. மறியல் செய்து சிறை சென்றோர் பலர். ஆயினும் அவ்வாற்றை என்றும் கண்டிராத நகரத்தார் அதனைக் கண்டது இப்படத்தின் வழியேதான்.

இனி ஒரு குறை. இப்படத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கட்குக் காட்டியபோது, ஒரு சிறுவன், “ஐயா, இங்கே யாரும் இருந்ததில்லையா?” எனக் கேட்டான். நான் உடனே விடை கூறவில்லை. நம் அகப்பொருள் இலக்கணம் நிலத்துக்குரிய மக்களையும் கருப்பொருளுள் வைத்து எண்ணும். இப்படத்தில் முதற்பொருள் உண்டு, மரமும் நீரும் உண்டு, மக்கள் இலர். ஆனால் அதே ஆற்றங்கரையிலுள்ள குட்டிகினா குகையில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் பழங்குடியினர் வாழ்ந்த தடயங்களை 1981-இல் ஆய்வாளர் வெளிக்கொணர்ந்தனர். அணை எழுந்திருப்பின் அக்குகையும் மூழ்கியிருக்கும். நீதிமன்ற வழக்கிலும் அதன் சிறப்பு எடுத்துரைக்கப்பட்டது. மனிதர் தீண்டாத காடு என்னும் எண்ணத்தை இப்படம் வலுப்படுத்தியது. அங்கு வாழ்ந்தோரை அது மறக்கச் செய்தது. படைத்தவரின் உள்நோக்கம் அதுவன்று என்பதனால் குறை இல்லாமற் போய்விடாது.

புகழ்பெற்ற இப்படத்தினும், ஆன் மலையில் மெத்தைபோற் படர்ந்த சிறு செடிகளை அவர் அண்மையிலிருந்து எடுத்த படத்தையே யான் உயர்வாக மதிக்கிறேன். அதில் வானமும் இல்லை, பனியும் இல்லை; ஒன்றையொன்று நெருக்கி வளரும் இலைகள் மட்டுமே உள. வாக்குக் கேட்பதற்கு அப்படம் பயன்பட்டிராது. 1996-இல் மேற்கு ஆர்தர் மலைத்தொடரில் படமெடுக்கச் சென்றவிடத்து மாரடைப்பால் உயிர்நீத்தார் டோம்புரோவ்ஸ்கிஸ்.