அடுத்த வீட்டுக் கடுவனுக்கு இடமில்லை

இரவில் கிரில் கேட்டைப் பூட்டிவிட்டு, கொல்லைக் கதவை மட்டும் ஒரு சாண் திறந்து வைப்பது பூனை வளர்க்கும் வீடுகளின் பழைய ஏற்பாடு. கதவு ஆடாமல் இருக்க ஒரு செங்கல் போதும். அந்த ஒரு சாண் சந்தில் வீட்டுப் பூனை வரும். அதன் பின்னாலேயே தெருக் கடுவனும் வரும், பெருச்சாளியும் வரும். மழைக்காலமானால் கட்டுவிரியன் வருவதற்கும் அந்தச் சந்து போதும். காலையில் மூடி கவிழ்ந்து கிடக்கும் மீன்குழம்புச் சட்டிக்காகத் திட்டு வாங்குவது மட்டும் வீட்டுப் பூனை.

கடலூர் செம்மண்டலத்தில் பூனை வளர்ப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேரும் ஊர் இது. சற்றுத் தள்ளி முதுநகரில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நாய், பூனை, கீரி, பெருச்சாளி எதற்கும் தீனிக்குப் பஞ்சமில்லை. தன் வீட்டுப் பூனைக்கு மட்டும் திறந்து, மற்றவற்றுக்குத் திறக்காத தானியங்கிக் கதவு இருந்தால் இங்கே நிச்சயம் பயன்படும். ஆனால் சந்தையில் உள்ள நல்ல கதவுகள் பெரும்பாலும் இங்கிலாந்து வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. கடலூர் வீட்டில் அதை எந்த இடத்தில் பொருத்துவது என்பதே, எந்தக் கதவை வாங்குவது என்பதைவிடப் பெரிய கேள்வி.

கதவில் பூனைக்கு ஓட்டை போடுவது புதிய பழக்கமல்ல. இங்கிலாந்தின் எக்சிடர் பேராலயத்தில் பழைய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில், எலி பிடிக்கும் பூனைக்காக வெட்டிய வட்ட ஓட்டையை இன்றும் பார்க்கலாம். ஓட்டை யாருக்குத் திறக்க வேண்டும் என்பதைக் கதவே முடிவு செய்வதுதான் புதிது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த இயற்பியலாளர் நிக் ஹில் இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் அவர் வீட்டுப் பூனை ஃபிளிப்பர். அக்கம்பக்கத்துப் பூனைகள் உள்ளே புகுந்து அதைப் பாடாய்ப் படுத்தின. அதற்கு வழி தேடியபோது பிறந்ததுதான் ‘ஷ்யூர்ஃபிளாப்’ மைக்ரோசிப் கதவு. இந்த வகைக்கு இன்று அதையே அளவுகோலாக வைத்துப் பேசலாம்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பூனையின் தோள்களுக்கு நடுவே, தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு சிப் இருக்கும். அதற்குள் பேட்டரி கிடையாது. பூனை கதவின் கூட்டுக்குள் தலையை நீட்டியதும் உணரி விழித்துக்கொள்ளும். கதவுக்குள் சுற்றியிருக்கும் செப்புக்கம்பிச் சுருள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். அந்த அலையையே மின்சாரமாக்கிக்கொண்டு சிப் தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். எண் கதவின் நினைவில் இருந்தால் கொக்கி விலகும், பூனை பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். 32 பூனைகள் வரை பதிந்து வைக்கலாம். நான்கு ‘ஏஏ’ பேட்டரிகளே போதும் என்பதால் சுவரிலிருந்து ஒயர் இழுக்கும் வேலை இல்லை. அடிப்படை மாடலில் பூட்டு உள்ளே வருவதற்கு மட்டும்தான். வெளியே போகும் பூனை சும்மா தள்ளிக்கொண்டு போகலாம். கிழப் பூனையை உள்ளேயே வைத்து இளசை மட்டும் வெளியே விட நினைப்பவர்களுக்கு, இரு பக்கமும் எண் படிக்கும் ‘டூயல்ஸ்கேன்’ மாடல் உண்டு. கைபேசிச் செயலியோடு இணையும் மாடலும் உண்டு. பூனை எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று அது சொல்லும். மின்சாரம் போனால் செயலிக்கான இணைப்புப் பெட்டி அணைந்துவிடும், கதவு மட்டும் பேட்டரியில் தொடர்ந்து வேலை செய்யும். செயலிக்காகக் கூடுதல் பணம் தேவையில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து.

சிப் போடுவது நம் ஊருக்கு இனி அந்நியமில்லை. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கியது. ஊசி போல ஒரே குத்து. போடும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஐஎஸ்ஓ தரத்தில் 15 இலக்க எண் கொண்ட சிப்தானா? சிப் வேண்டாம் என்பவர்கள் கழுத்துப்பட்டையில் தொங்கும் வில்லையையும் பதிந்துகொள்ளலாம். கிளையில் மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக அது இருக்க வேண்டும். அப்படிக் கழன்று விழுந்த அன்று பூனை வெளியேதான் நிற்கும். அதனால் சிப்பே மேல்.

மலிவான காந்தப் பட்டைக் கதவுகளை ஒரே வரியில் ஒதுக்கிவிடலாம்: எந்தக் காந்தம் மாட்டிய பூனைக்கும் அவை திறக்கும், போதாக்குறைக்குக் காந்தம் கிரில் கம்பியிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

சிப் கதவிலும் ஓட்டைகள் உண்டு. முதலாவது, வால் பிடித்து வருவது. வீட்டுப் பூனை நுழைந்த சூட்டோடு, பலகை மூடிக் கொக்கி விழும் முன் கடுவன் பின்னாலேயே நுழைந்துவிடும். இரண்டாவது, நகத்தால் கொக்கி போடுவது. வெளியே திறக்கும் வழியில் பூட்டு இல்லை என்பதைச் சில பூனைகள் கண்டுபிடித்துவிடும். பலகையின் விளிம்பில் நகத்தை மாட்டித் தன் பக்கம் இழுத்துத் திறக்கும். இரு பக்கமும் பூட்டும் மாடல் இதற்கு ஓரளவு பதில். முதல் தந்திரத்துக்கு எந்த நிறுவனத்திடமும் முழுப் பதில் இல்லை.

இனி இடம். இங்கிலாந்தில் இதைப் பிளாஸ்டிக் கதவிலோ கண்ணாடியிலோ பொருத்துகிறார்கள். இங்கே வாசலில் தேக்குக் கதவு, அதற்கு முன்னால் இரும்புக் கிரில், கொல்லையில் பெரும்பாலும் தகரமோ இரும்போ அடித்த கதவு. தேக்கில் ஓட்டை போட யாருக்கும் மனம் வராது. இரும்புக் கதவில் போட்டால் சுருளின் அலையை இரும்பு விழுங்கிவிடும், கதவால் சிப்பைப் படிக்க முடியாது. சுற்றிலும் இரும்பை அகலமாக வெட்டி எடுத்து, நடுவே இரும்பல்லாத பலகை வைத்துத்தான் பொருத்த வேண்டும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை உடைப்பது கடைசி வழி.

இந்த வகை வீட்டுக்குப் பொருத்தமான இடம் கொல்லைப்பக்க ஜன்னல். தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தைப் பூனை சாதாரணமாகத் தாவிவிடும். கம்பி போட்ட ஜன்னல் தெருநாயை உள்ளே விடாது. வழவழப்பான டைல் ஒட்டிய சுவரில் பாம்பு அந்த உயரம் ஏறுவதும் கடினம். மின்பூட்டு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, உயரமும் கம்பியும் சேர்ந்து பாதி வேலையை முடித்துவிடுகின்றன. பூட்டு கவனிக்க வேண்டியது பூனை இனத்தை மட்டும்தான்.

ஆனால் கதவை நேரே ஜன்னல் சட்டத்தில் மாட்டினால், தள்ளுபலகை உள்பக்கம் ஆடும்போது கம்பியில் இடிக்கும். ஷ்யூர்ஃபிளாப்பின் வழி 14.2 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். அதைவிடக் கம்பிச் சந்து பெரும்பாலும் குறுகல். அதனால் ஆசாரியிடம் சொல்லி மரைன் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ ஓரடி நீளம் போதும். கம்பிக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே அதை நிறுத்தி, வெளி முனையில் கதவை மாட்டுங்கள். பலகை ஆட இடம் கிடைக்கும், சுருளுக்கும் கம்பிக்கும் நடுவே தூரம் கிடைக்கும், மழைச் சாரலும் நேரே வீட்டுக்குள் அடிக்காது. பேட்டரி மாற்றுவதற்காக மேல் பலகையை ஆணி அடிக்காமல் திருகில் மாட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குப் போக வர வெளியே ஒரு திட்டும் வேண்டும். அது பூனை உட்காரும் அளவுக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டு பூனைகள் நிற்கும் அகலம் வைத்தால் கடுவன் அங்கேயே காத்திருக்கும்.

வாங்கும் முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. அட்டைப் பெட்டியில் 14-க்கு 12 சென்டிமீட்டரில் ஓட்டை வெட்டி, அந்தப் பக்கம் ஒரு மீன் துண்டை வையுங்கள். பூனை தோள் இடிக்காமல் நுழைந்தால் சிறிய மாடலே போதும். பெரிய மாடலின் வழி 17.8-க்கு 17 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படாது. வழி பெரிதானால் நாய்க்குட்டிக்கும் வசதி.

இறக்குமதிக் கதவின் விலையும் சுங்க வரியும் கட்டுப்படியாகாதவர்கள் தாங்களே செய்யலாம். கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களுக்கு இது கைக்கடங்கிய வேலை. இதில் பலரும் முதலில் சறுக்குவது ரீடர் வாங்குவதில். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்சி522 ரீடர் 13.56 மெகாஹெர்ட்ஸ், அடையாள அட்டைக்கானது. ஆர்டிஎம்6300 ரீடர் 125 கிலோஹெர்ட்ஸ், சாவிக்கொத்து வில்லைக்கானது. பூனையின் சிப்பை இரண்டும் படிக்காது. 134.2 கிலோஹெர்ட்ஸில் எஃப்டிஎக்ஸ்-பி வகை சிப்பைப் படிக்கும் டபிள்யுஎல்-134 போன்ற ரீடர்தான் தேவை. அதிலும் படிக்கும் தூரம் சில சென்டிமீட்டரே. சிப் இருப்பது தோளில் என்பதால், சுருளை வழியின் மேல்பக்கம், பூனையின் முதுகு உரசிப் போகும் உயரத்தில் வைக்க வேண்டும். ரீடர் சொல்லும் எண்ணை இஎஸ்பி32 பலகை சரிபார்த்துக் கொக்கியை விலக்கும். நிரல் எழுதுவது இதில் சுலபமான பகுதி, சுருளை வைப்பதில்தான் நாள் போகும்.

ரீடரை இரவும் பகலும் ஓடவிட்டால் பேட்டரி தாங்காது. அகச்சிவப்புக் கற்றையைப் பூனையின் தலை மறித்தால் மட்டும் விழித்துக்கொள்ளும்படி அமைக்க வேண்டும். இங்கே ஒரு பொறி: கைபேசிக்கான பவர் பேங்குகள் பல, இழுக்கும் மின்சாரம் குறைந்தால் வேலை முடிந்தது என்று தாமே அணைந்துவிடும். உறங்கும் இஎஸ்பி32-ஐ அவை கண்டுகொள்ளாது. 18650 வகை லித்தியம் செல்லும் அதற்கான பாதுகாப்புச் சுற்றும் இதற்குப் பொருத்தம்.

மோட்டார் வைத்துக் கதவையே ஏற்றி இறக்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். எம்ஜி996ஆர் சர்வோவின் முறுக்கு விசை ஏறத்தாழ 10 கிலோ-சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் கை வைத்தால் நுனியில் ஐந்து கிலோ அழுத்தம். பூனையின் வாலோ பாதமோ நடுவே சிக்கினால் எலும்புக்கே ஆபத்து. பலகை தன் எடையில் ஆடட்டும், பூனை தள்ளட்டும், மின்சாரம் கொக்கியை மட்டும் இழுக்கட்டும். வெளியே போகும் வழி மின்சாரமே இல்லாமலும் திறக்க வேண்டும். வீட்டில் செய்யும் எந்தக் கதவிலும் இந்த இரண்டு விதிகளுக்கு விலக்கு கிடையாது.

கேமராவால் முகம் பார்த்துத் திறக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2019-இல் அமேசான் ஊழியர் பென் ஹாம், சியாட்டிலில் தன் பூனை மெட்ரிக்குக்காக அப்படி ஒன்றைச் செய்து காட்டினார். பூனை வாயில் இரையோடு வருகிறதா என்று கேமரா பார்க்கும். இரை இருந்தால் கதவு 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும். ஓணானையும் அணிலையும் கூடத்தில் கொண்டுவந்து போடும் பூனைகளுக்கு அருமையான யோசனை. ஆனால் அந்தக் கேமரா பார்த்தது பூனையின் வாயை, எந்தப் பூனை என்பதை அல்ல. நம் தெருவில் பாதிப் பூனைகள் ஒரே பழுப்பு வரி. இருட்டில், மலிவுக் கேமராவில், வீட்டுப் பூனையையும் கடுவனையும் பிரித்தறிவது நம்பகமான வேலையல்ல. எண் பொய் சொல்லாது.

கடலூரில் எந்தக் கருவிக்கும் உப்புக்காற்று ஒரு எதிரி. பேட்டரி முனைகள் பச்சை பூக்கும், சாதாரணத் திருகு ஒரு மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். முனைகளில் லேசாக வாசலின் தடவி, திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்கி, மாதம் ஒருமுறை திறந்து துடைத்தால் கதவு நீண்ட நாள் உழைக்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று இந்த மாவட்டம் பட்டது அதிகம். புயல் எச்சரிக்கை வந்ததும் பூனையை உள்ளே அழைத்துக் கைப்பூட்டைப் போட்டுவிட வேண்டும். கைப்பூட்டு இல்லாத கதவை இந்தக் கரையோரத்தில் வாங்கவே கூடாது.

ஆகத் தீர்ப்பு இது. பணம் முடியுமானால் சிறிய அளவிலான, இரு பக்கமும் எண் படிக்கும் மைக்ரோசிப் கதவு, ஜன்னல் பெட்டியில். முடியாவிட்டால் அதே பெட்டியில் 134.2 ரீடரும் சிறு கொக்கியும் வைத்த சொந்தக் கதவு. மாட்டிய முதல் வாரம் தள்ளுபலகையை டேப்பால் தூக்கி ஒட்டி வைத்து, பூனை தயங்காமல் போய்வரப் பழகிய பிறகு இறக்குங்கள்.

கடுவன் உங்கள் ஜன்னலைச் சுற்றுவதற்குப் பெட்டைப் பூனையின் பருவமும் ஒரு காரணம். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் காரணம் போய்விடும். சிப் போடக் கால்நடை மருத்துவரிடம் போகும்போதே அதையும் கேட்டு வாருங்கள். கதவு வீட்டுக்குள் வருவதைத்தான் தடுக்கும், மதில்மேல் நடக்கும் சண்டையைத் தடுக்காது. எனவே கதவுக்கு முன்னால் வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள், ஆண்டுதோறும் மறவாமல்.