கூடாரத்தை விட்டுவிட்டு ஓஷ்கோஷுக்கு: ஐகான் ஏ5-இல் 300 கிலோமீட்டர்

கிளம்பும்போது கூடாரத்தைக் காரிலேயே விட்டுவிட்டோம். ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினில் நடக்கும் ஓஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்குப் பறந்து வருகிறவர்கள், தங்கள் விமானத்தின் இறக்கையடியிலேயே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். நீரிலும் தரையிலும் இறங்கும் எங்கள் சிறு விமானமான ஐகான் ஏ5 அதற்கு விடவில்லை. அது தூக்கக்கூடிய மொத்த எடை 685 கிலோ. தன் எடை போக மிஞ்சுவது சுமார் 195. நானும் விமானி நண்பரும் சேர்ந்து 144. பெட்ரோல் 60 லிட்டர், 43 கிலோ. மீதி எட்டுக் கிலோவில் இரண்டு பேரின் துணிமணி, குடிநீர், விமானத்தைத் தரையோடு கட்டும் கயிறு. டேங்கை நிரப்பியிருந்தால் எங்களில் ஒருவர் கரையில் நின்றிருக்க வேண்டும்.

மிசிசிப்பி அகன்று ஏரியாகக் கிடக்கும் பெப்பினில், படகு இறக்கும் சரிவில் டிரெய்லரிலிருந்து இறக்கினோம். மடித்து வைத்த இறக்கைகளை விரித்துப் பூட்டியதும் விமானமாகிவிட்டது. 100 குதிரைத்திறன் ரோடாக்ஸ் எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் முன்னே கண்ணாடியும் தண்ணீரும் மட்டும்தான். முழு விசை கொடுத்ததும் முதலில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நீரை உழுகிறது. சற்றுப் பொறுத்தால் அடிப்பாகம் நீர்மேல் ஏறி வழுக்க ஆரம்பிக்கிறது. அப்புறம் அந்தத் தடதடப்பு சட்டென்று நின்றுவிடுகிறது. எழும்பிவிட்டோம் என்று எனக்கு அதை வைத்துத்தான் தெரிந்தது.

நல்ல உயரத்தில் நண்பர் ஸ்டிக்கை என்னிடம் தந்தார். விசையைக் குறைத்து, ஸ்டிக்கை வயிறு வரை இழுத்துப் பிடித்தேன். பல சிறு விமானங்கள் இந்த இடத்தில் ஒரு பக்கம் சரிந்து சுழலத் தொடங்கும். இது மூக்கை லேசாக ஆட்டியபடி பொத்தென்று இறங்கியது, அவ்வளவுதான். இடது வலது திருப்பினால் அப்போதும் கேட்டது. எதிரே, இறக்கை காற்றை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டும் மானியில் முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, அங்கிருந்து சிவப்புக்கு நகர்ந்தது. வேகத்தை வைத்து ஊகிக்க வேண்டியதை இது கண்ணுக்கு நேரே காட்டிவிடுகிறது. சிறு விமானம் எல்லாவற்றிலும் இந்த மானி இருக்க வேண்டும் என்பேன். ஆனால் நீரை ஒட்டிப் பறக்கும்போது தப்பு செய்தால் சரிசெய்ய உயரம் இருக்காது. பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே 2017-இல் இதே ரக விமானத்தில், கடலை ஒட்டித் தாழப் பறந்து விழுந்து இறந்தார்.

ஓஷ்கோஷை நெருங்கும் விமானங்கள் ரிப்பன் ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஃபிஸ்க் ஊர் வரை ஒற்றை வரிசையில் வர வேண்டும். 90 நாட் வேகம், கடல் மட்டத்திலிருந்து 1800 அடி, முன்னால் போகிறவருக்கு அரை மைல் பின்னால். இந்த விமானத்தின் உச்ச வேகமே 95 நாட்தான். முன்னவர் விலகிப் போனால் எட்டிப் பிடிக்க வழியில்லை. ஃபிஸ்கில் கட்டுப்பாட்டாளர்கள் கீழிருந்து கண்ணால் பார்த்து, விமானத்தின் ரகமும் நிறமும் சொல்லி அழைக்கிறார்கள். வானொலியில் பதில் பேசக் கூடாது, இறக்கையை ஆட்டினால் போதும். எங்களைக் கூப்பிட்டபோது நண்பர் ஆட்டிய ஆட்டத்தில் என் தலை கண்ணாடியில் இடித்தது.

"தரையில் இறங்குகிறோம், சக்கரம் கீழே" என்று அவர் உரக்கச் சொல்ல, நானும் சக்கர நிலையைக் காட்டும் விளக்கைப் பார்த்துத் திருப்பிச் சொன்னேன். ஏரியென்றால் "சக்கரம் மேலே". சக்கரத்தை நீட்டியபடி நீரைத் தொட்டால் விமானம் குப்புறக் கவிழும். ஓடுபாதையில் எங்களுக்குச் சொன்ன வண்ணப் புள்ளியில் இறங்கினோம்.

ஏரிக்கரையில் வீடிருந்து, மாலையில் அரைமணி பறந்து திரும்ப ஆசைப்படுகிறவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். விலை 2017-லேயே 3,89,000 டாலர். தயாரித்த நிறுவனம் 2024-இல் திவால் பாதுகாப்புக்குப் போய்க் கைமாறியது, ஆகவே உதிரிபாகம் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மூட்டையோடு ஊர் போக வேண்டுமா? இதேபோல நீரிலும் தரையிலும் இறங்கும், நான்கு பேர் உட்காரும் பழைய 'லேக்' ரக விமானத்தைத் தேடுங்கள். எங்களுக்கு அன்றிரவு பக்கத்து செஸ்னாக்காரர் ஒரு தார்ப்பாய் கொடுத்தார். அதை இறக்கையிலிருந்து கட்டித் தொங்கவிட்டுப் படுத்தோம்.