எண்ணெய் ஒட்டாத வலை

எண்ணெய் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் சவ்வுக்கு எமன் அந்த எண்ணெய்தான். நுண்துளைகளில் பிசுபிசுவென்று அப்பிக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நின்றுவிடும். 2004-இல் சீன விஞ்ஞானி லெய் ஜியாங்கின் குழு துருப்பிடிக்காத எஃகு வலைமேல் டெஃப்லான் பூசியது. எண்ணெய் கீழே இறங்கியது, தண்ணீர் மேலே நின்றது. நல்ல வேலைதான். ஆனால் கனமான தண்ணீர் அடியில் தங்கி வலையை மூடிக்கொண்டால், எண்ணெய்க்கு வழி ஏது?

எனக்கு மிகவும் பிடித்தது, 2011-இல் ஜியாங் குழு இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது. தண்ணீருக்குள் மீன் செதிலில் எண்ணெய் ஒட்டாது. செதில் பிடித்து வைத்திருக்கும் ஈரம் விடாது. அதே வழியில், வலைக் கம்பிகளுக்கு நீரை உறிஞ்சும் கூழ்மப் பூச்சு கொடுத்தார்கள். வலையை முதலில் நனைத்துவிட வேண்டும். பிறகு கலவையை ஊற்றினால் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடுகிறது. எண்ணெய் மேலேயே தேங்கி நிற்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது பூச்சுக்குள் தங்கிய தண்ணீர். எத்தனை அழகான யோசனை!

நீடித்து உழைப்பதுதான் பெரிய சவால். கூழ்மம் மணல் உரசினால் தேயும், காய்ந்தால் சுருங்கும். எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீருக்கு அலுமினா போன்ற பீங்கான் சவ்வுகள் தாக்குப்பிடிக்கின்றன. விலை அதிகம், ஆனால் அடைத்துக்கொண்டால் சூடான காரக் கரைசலை ஓடவிட்டு, கழற்றாமலே அலசிவிடலாம்.